எட்டு உலைகளா, ஐயாயிரம் மாலுமிகளா?

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோரே, வணக்கம். அமெரிக்காவின் எண்டர்பிரைஸ், உலகின் முதல் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல். 1961 முதல் 2012 வரை அதைக் கடலில் நிலைநிறுத்தியது அதன் எட்டு அணு உலைகள் தந்த சக்தியா, மாலுமிகளா என்பது தலைப்பு. நான் மாலுமிகளின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் 1964-ஐச் சொன்னார். வழியில் எங்கும் எரிபொருள் ஏற்றாமல் 65 நாளில் உலகைச் சுற்றியது என்றார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது போரில்லாப் பயணம். அடுத்த ஆண்டு டிசம்பரில் வியட்நாம் போருக்குள் போனபோது என்ன ஆயிற்று? உலை கப்பலை ஓட்டும், மேலே நிற்கும் விமானத்தை ஓட்டாதே! விமானத்துக்கு எரிபொருள் வேண்டும், குண்டு வேண்டும், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு வேண்டும். சரக்குக் கப்பல் பக்கத்தில் வரும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் கம்பிவடமும் குழாயும் கட்டி அத்தனையையும் ஏற்றுவார்கள். உப்புநீரில் நனைந்தபடி, ராத்திரியிலும்.

அப்புறம் 1969 ஜனவரி 14. ஹவாய் அருகே, காலை எட்டு மணி தாண்டிய நேரம். விமான எஞ்சினைக் கிளப்பும் வண்டியின் புகைபோக்கிச் சூடு, ஒரு பாண்டம் போர் விமானத்தின் இறக்கைக்குக் கீழே இருந்த ராக்கெட்டில் பட்டது. அது வெடித்தது. எரிபொருள் பற்றியது. குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து, எஃகுத் தளத்தையே துளைத்தன. 28 பேர் இறந்தார்கள், முந்நூறுக்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள், 15 விமானங்கள் அழிந்தன. உலைகள் எட்டும் பழுதில்லாமல்தான் இருந்தன. தீயை அவையா அணைத்தன? அடுத்த குண்டு எப்போது வெடிக்குமோ தெரியாத தளத்தில், குழாயைப் பிடித்துக்கொண்டு முன்னேறினார்களே, அவர்கள் அணைத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கு முன் ஃபாரஸ்டல் என்ற இன்னொரு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் 134 பேரைப் பலிகொண்ட தீயிலிருந்து கற்ற பாடம் அவர்கள் கையில் இருந்தது. சில வாரங்களில் பேர்ல் ஹார்பரில் பழுது பார்த்து, கப்பல் மறுபடி வியட்நாம் போனது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1971-இல் இந்தியா-பாகிஸ்தான் போரின்போது இதே கப்பலை வங்கக்கடலுக்கு அனுப்பினார்கள். நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எட்டு உலைகளின் பலமும் டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததைத் தடுக்கவில்லை.

1985-இல் கலிஃபோர்னியா அருகே பாறைத்திட்டில் மோதியதை எதிரணி எடுக்கலாம். அது மனிதத் தவறுதான். நன்மையும் தீமையும் மனிதர் கையில் இருந்தன என்பதுதானே எங்கள் வாதமும்!

இந்த வகையில் இன்னும் ஐந்து கப்பல்கள் கட்ட நினைத்து, செலவு தாங்காமல் கைவிட்டார்கள். கடைசிவரை இது ஒற்றைப் பிள்ளை. வயதான பிறகு பல பாகங்களுக்கு மாற்று கிடைக்கவில்லை, கப்பலின் பட்டறையிலேயே கடைந்து பொருத்த வேண்டியிருந்தது. அப்படித்தான் ஐம்பது வயதில், 2012-இல், 25-ஆவது பணிப்பயணமும் போய், நவம்பரில் தன் தாய்த் துறைமுகமான நார்ஃபோக் திரும்பியது. அந்தப் பாகங்களைக் கடைந்தது எந்த உலை என்று, அடுத்து வரும் எதிரணித் தோழி சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரட்டும்.