முதலில் வீடு

அனைவருக்கும் வணக்கம்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. உள்ளே மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சங்கிலியைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவர்களுக்குப் போக வேறு இடம் இருந்ததா என்பதைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

மனநோயோடு குடியும் சேர்ந்துகொண்டால் பாடு இன்னும் பெரிது. மனநலப் பிரிவில் "முதல்ல குடியை நிறுத்திட்டு வரச் சொல்லுங்க" என்பார்கள். குடி மறுவாழ்வு மையத்தில் "காதுல குரல் கேக்குதுன்னு சொல்றாரே, எங்களால பாத்துக்க முடியாதும்மா" என்பார்கள். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாசலுக்கும் நடையாய் நடப்பது பெரும்பாலும் அம்மாதான். "எனக்கப்புறம் இவனை யார் பாப்பா?" என்று அவர் கேட்பதற்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் பதில் வைத்திருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். குடும்பம் இல்லை, வீடு இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக எவரையும் மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. சமூகத்துக்குள் வாழ இல்லங்களை அமைக்க வேண்டியது அரசின் கடமை. மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே இந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. ஆகவே "அவர் குடிப்பவர்" என்று தட்டிக்கழிக்க வழியில்லை.

நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. 1993இல் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தை நடத்துகிறது. ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலும் காப்பகத்திலும் கிடந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். துணைக்குப் பணியாளர் உண்டு. ஆனால் இன்றைக்குச் சாம்பாரா காரக்குழம்பா என்று முடிவு செய்வது அந்த வீட்டில் இருப்பவர்கள். காப்பகத்தில் பல வருடம் தட்டை நீட்டி வரிசையில் நின்ற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்!

குடியை விடாதவருக்கும் வீடா? 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் அதைத்தான் செய்தார். தெருவில் வாழ்ந்த மனநோயாளிகளுக்கு, குடியை நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை போடாமல் வீட்டைக் கொடுத்தார். பிறகு 2009 தொடங்கிக் கனடாவின் ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். வீடு கிடைத்ததால் மட்டும் குடி நின்றுவிடவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்கமான உதவியை மட்டும் பெற்றவர்களைவிட, வீடு கிடைத்தவர்கள் வீட்டில் நிலைத்தார்கள். இருக்கிற இடம் தெரிந்தால்தானே செவிலியர் தேடிப் போய் மாத்திரை கொடுக்க முடியும்?

இந்த அரங்கில் வீட்டுச் சொந்தக்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். இப்படி ஒரு அமைப்பு உங்களிடம் வீடு கேட்டு வரலாம். அப்போது மற்ற வாடகைதாரரிடம் பேசுவதையே இவர்களிடமும் பேசுங்கள்: வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், எந்தத் தேதியில் குடிவருகிறார்கள்.

நன்றி, வணக்கம்.