ஆஸ்பத்திரி அயோடின் வார்டுக் கழிவு நம்ம போர்த்தண்ணியில கலந்துருமா?

வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அம்மணி கேட்டிருக்காங்க: "எங்க காம்பவுண்டுக்கு அந்தப்பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில, தைராய்டு கேன்சருக்குக் கதிரியக்க அயோடின் குடுக்கற வார்டு கட்டறாங்க. கழிவைத் தொட்டியில தேக்கி வச்சு அப்புறம் சாக்கடையில விடுவாங்களாம். எங்க போர்த்தண்ணி என்னாகும்? கூடங்குளத்துக் கழிவும் இதுவும் ஒண்ணுதானுங்களா?"

ஒண்ணு இல்லீங்க. அணு உலையில எரிஞ்ச எரிபொருள்ல சீசியம்-137 இருக்குது, அதோட கதிரியக்கம் பாதியாக 30 வருசம் ஆகும். புளூட்டோனியம்-239 பாதியாக 24,000 வருசம். இந்த வார்டுல குடுக்கற அயோடின்-131 எட்டு நாள்ல பாதியாயிரும். அப்படிப் பத்துத் தடவை பாதியானா, அதாவது 80 நாள்ல, 1,024ல ஒரு பங்குதான் மிச்சம். மத்ததெல்லாம் கதிர்வீச்சே இல்லாத செனான் வாயுவா மாறியிருக்கும். நொய்யல்ல சாயத்தண்ணி வந்த கதையைக் கண்ணால பார்த்தவங்க நாம. ஒரத்துப்பாளையம் அணையில தேங்கின உப்பை எத்தனை வருசம் பூட்டி வச்சாலும் உப்பாவேதான் கெடக்கும். அயோடின் காத்திருந்தா தானாத் தீர்ந்துரும். அதனால நீங்க பிடிக்க வேண்டிய இடம் இதுதானுங்க: அந்தத் தண்ணியை நெசமாவே அத்தனை நாள் தேக்கி வைக்கறாங்களா?

நோயாளி 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கற அலகுங்க) மருந்து சாப்பிட்டாங்கன்னா, அதுல பெரும்பகுதி முதல் ரெண்டு நாள்ல சிறுநீர்லயே வெளிய வந்துரும். அதுக்காகத்தான் தனி ரூம், தனி கக்கூஸ், அதுல இருந்து தனிக் குழாய். அது நேரா தேக்கத் தொட்டிக்குப் போகோணும். ஒரு தொட்டி நிறைஞ்சா வால்வை மூடிட்டு அடுத்த தொட்டிக்குத் திருப்பி விடுவாங்க.

இப்பக் கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு படுக்கை, வாரத்துக்கு நாலு நோயாளி. ஒருத்தர் இருக்கற மூணு நாளைக்கும் சேர்த்து 300 லிட்டர் தண்ணி இறங்குதுன்னு வைங்க. வாரத்துக்கு 1,200 லிட்டர். 6,000 லிட்டர் தொட்டி அஞ்சு வாரத்துல நிறைஞ்சுரும். மொத்தமே ரெண்டு தொட்டிதான்னா, ரெண்டாவது நிறையற அந்த 35 நாள்தான் முதல் தொட்டிக்குக் கிடைக்கற அவகாசம். கடைசியா விழுந்த தண்ணியில 20ல ஒரு பங்கு அயோடின் அப்படியே இருக்கும். பத்தாதுங்க. மூணு தொட்டி இருந்தா 70 நாள் கிடைக்கும், 400ல ஒரு பங்குக்கும் கீழ போயிரும்.

இந்தக் கணக்கு கெட்டுப் போறதுக்குப் பெரிய விபத்தெல்லாம் வேண்டியதில்லீங்க. ஃபிளஷ் டேங்குக்குள்ள இருக்கற ரப்பர் வாஷர் தேஞ்சாப் போதும். பீங்கான்ல நூல் மாதிரி தண்ணி எறங்கீட்டே இருக்கும், சத்தம் கூட வராது. உள்ள நோயாளி இருக்கறப்ப பிளம்பரும் போகமாட்டார், அவங்க டிஸ்சார்ஜ் ஆனப்புறந்தான் பார்ப்பாங்க. நிமிசத்துக்கு ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு ஒழுகினா நாளைக்கு 170 லிட்டர், வாரத்துக்கு இன்னொரு 1,200 லிட்டர். தொட்டி ரெண்டு மடங்கு வேகமா நிறையும். மூணு தொட்டி இருந்தும் 70 நாள் 35 நாளாச் சுருங்கிரும். அதுக்கப்புறம் புதுசா வர்ற தண்ணிக்கு எடம் வேணும்னு பழைய தொட்டியை முன்னாடியே திறந்து விடற நிலைமை வரும். தப்பு நடக்கறது அங்கதானுங்க.

இன்னொண்ணு, தொட்டியை மண்ணுக்குள்ள புதைச்சிருந்தா விரிசல் விட்டாலும் தெரியாது. நம்ம ஊரு பாறை பூமி. தண்ணி பாறை வெடிப்பு போற போக்குலதான் போகும். "உங்க போர் நூறடி தள்ளித்தானே இருக்குது"ன்னு யாராவது சொன்னா அதை நம்பி உட்கார வேண்டாம். தரைக்கு மேல தொட்டி, அதைச் சுத்தி, முழுத் தொட்டித் தண்ணியும் கொள்ற அளவுக்குக் கட்டுச்சுவர். ஒழுகினா கண்ணுக்குத் தெரியணும்.

ஆஸ்பத்திரியில போய் "ஆபத்தா இல்லையா"ன்னு கேட்டா "ஒண்ணுமில்லீங்க"ன்னு அனுப்பி வச்சிருவாங்க. அதனால இதைக் கேளுங்க: அயோடின் சிகிச்சைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட உரிமம் வாங்கியாச்சா? கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் யார்? எத்தனை தொட்டி, எத்தனை லிட்டர், வாரத்துக்கு எத்தனை நோயாளி? ஒவ்வொரு தொட்டியும் மூடின தேதி, திறந்த தேதி, திறக்கறதுக்கு முன்னாடி எடுத்த கதிர்வீச்சு அளவு, இதெல்லாம் எழுதின பதிவேடு இருக்குதா? தேக்கத் தொட்டிக்குப் போற குழாய் ஆஸ்பத்திரியோட கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல முன்னாடியே சேருதா? அப்படிச் சேர்ந்தா அயோடின் அங்க சேத்துல தங்கிரும், சேறு அள்ளறவங்க மேல படும். பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல வாரியத்துக்கே எழுதிக் கேக்கலாம்.

கையுறை, தட்டு, பெட்ஷீட்டு மாதிரி கழிவுக்கும் இதே காத்திருப்புத்தான். தேதி போட்டுப் பூட்டின ரூம்ல வச்சு, மீட்டர்ல அளந்து பார்த்துட்டுத்தான் வெளிய விடோணும்.

சாக்கடையை விட எனக்குக் கவலை தர்றது, கோபால்ட்-60ங்கற கதிரியக்கப் பொருள் வச்ச பழைய கதிர்வீச்சுக் கருவிங்கதானுங்க. அது பாதியாக அஞ்சேகால் வருசம் ஆகும். 2010ல டெல்லி மாயாபுரியில, பல்கலைக்கழகம் ஒண்ணு ஏலத்துல விட்ட பழைய கருவியைப் பழைய இரும்புக்கடையில உடைச்சு ஒரு உயிரே போச்சு. ஃபவுண்டரியும் இரும்புக்கடையும் நெறைஞ்ச ஊரு நம்முது. சின்னதா இருந்தும் கைக்குப் பொருந்தாத கனம், கதிர்வீச்சு எச்சரிக்கைக்குப் போடற மூணு இதழ் முத்திரை, இந்த ரெண்டுல ஒண்ணைப் பார்த்தாலும் சுத்தியல் வைக்காதீங்க. தள்ளி நின்னு ஆளுகளை விலக்கிட்டு 112க்குக் கூப்பிடுங்க.

போர்த்தண்ணியைச் சோதிக்கறதுன்னா டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது, அது உப்பைத்தான் காட்டும். அயோடின்ல இருந்து வர்ற காமா கதிரை அளக்கற லேப்லதான் குடுக்கோணும். வார்டு ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி ஒப்பிட உதவும். பாட்டில்ல பிடிச்ச தேதியும் நேரமும் எழுதி அன்னிக்கே அனுப்பிருங்க. ஒரு மாசம் அலமாரியில வச்சுட்டுக் குடுத்தா, இருந்த அயோடின்ல 13ல ஒரு பங்குதான் லேப்புக்குப் போய்ச் சேரும்.