சித்தப்பாவின் ஓட்டுக் கணக்கு செங்காங்கில் செல்லாது!

வணக்கம் மக்களே. பின்னால் தட்டுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் காப்பிக்கடையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன்.

போன வாரம் சென்னையிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். வந்த மறுநாளே, "இங்க நம்ம ஆளுங்க ஓட்டு யாருக்குப்பா?" என்றார். ஊரில் எந்தத் தொகுதியில் எந்தச் சாதிக்கு எத்தனை ஆயிரம் ஓட்டு என்று விரல்விட்டுச் சொல்கிற ஆள் அவர். இங்கே அந்தக் கணக்கு எடுபடாது என்றால் நம்பவில்லை.

1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையைச் சொன்னேன். ஒரு வீவக (அரசு வீடமைப்புக் கழக) புளோக்கில் இந்தியரும், சீனர் மலாய்க்காரர் அல்லாத பிற இனத்தவரும் சேர்ந்து 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அப்புறம் நம்ம ஆளுங்க ஒரே இடத்தில் குவிவது எப்படி? வீடு விற்க ஆள் தேடி அலைந்தவர்களைக் கேளுங்கள், இந்த விதி மனப்பாடமாக இருக்கும்! "அப்போ லிட்டில் இந்தியால அவ்வளவு கூட்டம்?" என்றார். அது சாமான் வாங்க வந்த கூட்டம் சித்தப்பா, ஓட்டு அவரவர் பேட்டையில்.

இங்கே பார்க்க வேண்டியது பேட்டையைத்தான். ஹவ்காங் தொகுதி 1991 முதல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியிடம். அல்ஜுனிட் 2011இல் போனது, எங்கள் செங்காங் 2020இல். 2025 தேர்தலில் நாடு முழுக்க ஆளும் மக்கள் செயல் கட்சி 61.24 விழுக்காட்டிலிருந்து 65.57க்கு ஏறியது. அதே நாளில் செங்காங்கில் பாட்டாளிக் கட்சி 52.12இலிருந்து 56.31க்கு ஏறியது. காற்று ஒரு பக்கம், எங்கள் பேட்டை மறுபக்கம்.

மேற்கே கதை வேறு. வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் (பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதி) 2015இல் ஆளுங்கட்சிக்கு 78.57 விழுக்காடு. ஐந்தே வருடத்தில் 51.68! 2025இல் எல்லையை மாற்றி, ஜூரோங் வெஸ்ட் பெயரையும் சேர்த்த பிறகு 60.01. இதை நேராக ஒப்பிட முடியாது, தொகுதியே வேறாகிவிட்டதே.

செங்காங் என்றால் உடனே "இளம் குடும்பங்கள், அதான்" என்பார்கள். ஓரளவு சரியாக இருக்கலாம். ஆனால் வாக்குச்சீட்டில் வயது எழுதியிருக்காது. என் மாடியில் எதிர்க்கட்சிக்காக ராத்திரி வரை வாதாடுகிறவர் எழுபதைத் தாண்டியவர்.

கட்சி விசுவாசம் என்றால் எனக்கு அப்பா ஞாபகம்தான். பொத்தோங் பாசிர்க்காரர். எதிர்க்கட்சிக்காரர் சியாம் சீ டோங் 1984 முதல் 2011 வரை அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். நடுவில் அவர் கட்சியே மாறினார், அப்பாவின் ஓட்டு மாறவில்லை. 2011இல் சியாம் வேறு தொகுதிக்குப் போய், அவர் மனைவி பொத்தோங் பாசிரில் நின்றார். 114 ஓட்டில் தோல்வி. அடுத்த தேர்தலில் தோல்வி வித்தியாசம் எங்கேயோ ஏறிவிட்டது.

"அப்படின்னா இப்போ யாருக்குப் போடறீங்கண்ணே?" என்று சித்தப்பா அப்பாவையே மடக்கினார்.

அப்பா தே தாரேக் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ஆளைப் பார்த்துட்டுச் சொல்றேன்டா" என்றார். தேர்தல் முடிந்துவிட்டது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.