காகிதம் வாசிக்க ஓர் அறை

(இலங்கை மலையகத்தில், போகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மூடிக்கிடந்த வாசிகசாலையைத் திரும்பத் திறப்பதற்காகக் கூடிய கூட்டத்தில் பேசியது)

மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் அம்மாமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கச்சிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

காலையில் வாசிகசாலையைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். பூட்டு துருப்பிடித்து இறுகிப்போனதால் மண்ணெண்ணெய் ஊற்றித்தான் திறந்திருக்கிறார்கள். கூரையில் இரண்டு தகரம் இல்லை. அதற்கு நேர் கீழே இருந்த அலுமாரி ஊறி உப்பிக் கிடக்கிறது. ஆனால் புத்தகங்கள் அதில் இல்லை. போன மாதமே நம் பெண்கள் அள்ளிக்கொண்டு போய், வீட்டுக்கு நாலைந்தாகப் பிரித்து, தாளுக்குத் தாள் பழைய பத்திரிகையைச் செருகி, அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்திருக்கிறார்கள். ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். தாளெல்லாம் அலை அலையாக நெளிந்து, விறகுப் புகை வாசம் அடித்தது. எழுத்து அழியவில்லை. பகல் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு, ராத்திரியில் உட்கார்ந்து ஒட்டிக்கிடந்த தாளை ஒவ்வொன்றாகப் பிரித்தவர்களில் மூன்று அக்காமாருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

"எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இனி வாசிகசாலை எதற்கு?" என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் தலைவிதியை எழுதியதெல்லாம் காகிதம், தம்பி. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வம்சமான நம் ஆட்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். மறுவருடம் இன்னொரு சட்டம் வந்து, விண்ணப்பம் போடலாம் என்றது. ஆனால் கல்யாணமானவர் என்றால் 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம், 1946க்கு முன்பு விடாமல் இந்த நாட்டிலேயே இருந்ததைக் காட்ட வேண்டும். எதைக் காட்டுவது? பிறப்புப் பத்திரமே இல்லாதவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது.

சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பியது இந்த வாசிகசாலையில்தான். நான் அப்போது சின்னப் பையன். ஜன்னலோரத்து மேசையில் ஒருவர் உரக்க வாசிப்பார், சுற்றி நின்று எல்லாரும் கேட்பார்கள். "என் பேரைச் சரியா எழுதிட்டியா?" என்று என் அப்பாயி திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவள் பயந்ததில் அர்த்தம் உண்டு. என் பெரியப்பாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. அந்த ஓர் எழுத்துக்காக அவர் அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்தார்.

அதற்கெல்லாம் முன்பே, தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் அட்டனில் இருந்துகொண்டு பத்திரிகையும் துண்டுப்பிரசுரமுமாக அச்சடித்துத் தள்ளினார். வாசிக்கத் தெரியாத சனத்துக்கு அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் அதே சேதியைப் பாட்டாகப் பாடினார். எழுதினால் மட்டும் போதாது, காதில் விழ வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போனில் வரும் சுற்றறிக்கையை ஒருவர் தனியாகப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடலாம். நாலு பேர் கூடி ஒருவர் வாசித்து, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று இன்னொருவர் கேட்க ஓர் இடம் வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? இரண்டு தகரம் போட்டு வெள்ளையடித்தால் போதும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்றுப் போனதும் கதவு மூடியது. பிறகு உள்ளே உர மூட்டை அடுக்கினார்கள். நாம் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும், இது பொது வாசிகசாலை என்று காட்ட நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

1992இல் கம்பெனிகளிடம் போனது தோட்டங்களை நடத்தும் பொறுப்பும் குத்தகையும்தான். நிலம் அரசாங்கத்துடையது. உள்ளூர் நிர்வாகத்தைப் பார்க்கும் பிரதேச சபைக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். ஆகவே, இதைப் பொது வாசிகசாலையாக ஏற்று நடத்துங்கள் என்று பிரதேச சபையிடம் இப்போது உரிமையோடு கேட்கலாம். கட்டடம் நிற்கும் துண்டு நிலத்தை அதற்கென்று எழுத்தில் ஒதுக்கச் சொல்லியும் கேட்க வேண்டும். இழுபடும், பல தடவை ஏறி இறங்க வேண்டிவரும். தகரம் அதற்குக் காத்திருக்க வேண்டாம், அதை வருகிற ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிடுவோம்.

கடிதம் இந்த மேசையில் இருக்கிறது. இப்போது தங்கச்சி ஒருத்தி அதை இரண்டு தடவை உரக்க வாசிப்பாள். விளங்காத இடத்தில் கையைத் தூக்குங்கள், நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். புத்தகம் காயவைத்த அக்காமார் முன்னுக்கு வந்து உட்காருங்கள். கையெழுத்தோ கைநாட்டோ, அதெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான்.