உடம்புக்குள் ஓடும் கடிகாரம்: பகல் வேலைக்கும் ஓசூர் ஷிஃப்டுக்கும் நாளைப் பிரிப்பது எப்படி?

[காட்சி: பாலக்கோடு பக்கம் ஒரு புழு வளர்ப்பு மனை. பட்டுக்கூடுகள் நெருக்கத்தில்.]

வணக்கம். தருமபுரி அங்காடிக்குப் பட்டுக்கூடு கொண்டுபோகிற விவசாயிகளுக்கு எப்போதும் ஒரு அவசரம் உண்டு. நாள் தள்ளிப்போனால் உள்ளே இருப்பது அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துவிடும்; அப்புறம் அதில் சரியாக நூல் இழுக்க முடியாது. முட்டைக்காகவே விட்டுவைக்கும் கூடுகளைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பூச்சிகள் கண்ட நேரத்தில் வருவதில்லை. விடியற்காலையில்தான் கும்பலாக வெளியே வரும்.

அந்த நேரத்தை யார் சொல்லித் தருகிறார்கள்? 1970ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ட்ரூமன், லின் ரிடிஃபோர்ட் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். காட்டுப் பட்டுப்பூச்சியில் இரண்டு வகை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று காலையில் வெளிவரும், மற்றது சாயங்காலத்தை ஒட்டி. இரண்டின் மூளையையும் மாற்றி வைத்தார்கள். காலைப் பூச்சியின் உடம்பில் சாயங்காலப் பூச்சியின் மூளை. அது சாயங்காலம்தான் வந்தது!

[காட்சி: மூளையின் படம். கண் நரம்புகள் குறுக்கே போகும் இடம் ஒளிர்கிறது.]

நம் மூளையிலும் அப்படி நேரம் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே போகும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 செல்கள் கொண்ட சின்ன முடிச்சு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சுற்று ஓடுகிறது. ஒரு மரபணு புரதத்தை உண்டாக்கும். அந்தப் புரதம் சேரச் சேர, தன்னை உண்டாக்கிய மரபணுவையே நிறுத்திவிடும். புரதம் கரைந்ததும் மறுபடி வேலை ஆரம்பிக்கும். பழ ஈக்களில் இதைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். இந்த 'ஏறக்குறைய'தான் முக்கியம். மனிதர்களுக்குச் சராசரியாக 24 மணி 10 நிமிடம் போல ஆகிறது. தினமும் பத்து நிமிடம் பிந்தும் கைக்கடிகாரம் மாதிரி, யாராவது தினமும் திருத்திவைக்க வேண்டும். அந்த வேலையை வெளிச்சம் செய்கிறது, அதிலும் காலை வெளிச்சம். அதனால் நாளைத் திட்டமிட ஒரே ஒரு விஷயம்தான் செய்ய முடியும் என்றால், எழும் நேரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு எழுந்ததும் வெளியே வாருங்கள் என்பேன். ஞாயிற்றுக்கிழமையும்தான். டியூப்லைட் போட்ட அறையில் 200, 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தாலே அதிகம். மேகம் மூடிய நாளில்கூட வாசலில் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். வாசல் தெளிப்பதோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதோ, மாடியில் டீ குடிப்பதோ, இருபது நிமிடம் வெளியே நின்றால் போதும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 'காலை மூன்றிலிருந்து ஐந்து நுரையீரல் நேரம், ஐந்திலிருந்து ஏழு பெருங்குடல் நேரம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணை சுற்றுகிறது. அது சீனப் பாரம்பரிய மருத்துவத்தின் கணக்கு. நான் சொல்லும் ஆராய்ச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

[காட்சி: ராயக்கோட்டை சந்தை, காலை வெயில்.]

பகல் வேலைக்காரர்களுக்கு விஷயம் சுலபம். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மூளை நன்றாகத் தெளிந்திருக்கும். கணக்கு வழக்கு, படிப்பு, யோசிக்கிற வேலையெல்லாம் மதியத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரு மணியிலிருந்து மூன்று வரை கண் சொக்குவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை, உடம்பின் தாளத்திலேயே அந்த இறக்கம் இருக்கிறது. இருபது நிமிடம் சாய்ந்துகொள்ளலாம். உடம்புச் சூடும் தசை வலுவும் உச்சத்துக்கு வருவது சாயங்காலம். கபடி, ஓட்டம், ஜிம் எல்லாம் அப்போது வைத்துக்கொண்டால் நன்றாக வரும். டீ, காபியை மூன்று மணியோடு நிறுத்துங்கள். ஐந்து மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் சுமார் பாதி ராத்திரி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும்.

சாப்பாட்டு நேரமும் ஒரு சாவி. இருட்டிய பிறகு மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து உடம்பு தூக்கத்துக்குத் தயாராகும்போது, இன்சுலின் பகலில் வேலை செய்வது போலச் செய்யாது. மதியம் சாப்பிட்ட அதே கேழ்வரகுக் களியை ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும். களி நல்லதுதான். எட்டு மணிக்குள் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பதின்ம வயதில் இந்தக் கடிகாரம் தானாகவே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் போய்விடும். விடியற்காலை நாலரை மணி ஸ்டடியில் தூங்கி விழும் பத்தாம் வகுப்புப் பையனைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். அந்த நேரம் அவனுக்கு நடுராத்திரி.

[காட்சி: கம்பெனி பஸ். ஓசூர் சிப்காட் கேட். இரவு.]

சரி, இப்போது நம் மாவட்டங்களின் பெரிய பிரச்சினைக்கு வருவோம். காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் ஓசூருக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். இரவுப்பணியை, புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க அதிக வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007ல் சேர்த்தது; 2019ல் மறுபடி ஆராய்ந்தும் எடுக்கவில்லை. வேலையை விட்டுவிடு என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது, வீட்டுக் கடன் அந்தச் சம்பளத்தில்தான் அடைகிறது. ஆனால் சேதத்தைக் குறைக்க வழி இருக்கிறது.

ஷிஃப்ட் மாறும்போது காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்பு எளிதாகப் பழகும். சுற்று 24 மணிக்குக் கொஞ்சம் அதிகம் என்பதால் தாமதமாகத் தூங்குவது அதற்குச் சுலபம். இரவிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னோக்கிப் போடும் கம்பெனியில், சூப்பர்வைசரிடமும் சங்கத்திடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள். செலவே இல்லாத மாற்றம் இது.

நைட் ஷிஃப்ட் அன்று சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். பிரதானச் சாப்பாடு வீட்டிலேயே ஆகட்டும். நடுராத்திரி கேன்டீனில் பிரியாணி வேண்டாம், பசித்தால் இரண்டு இட்லி, பழம். காபி ஒரு மணிக்குள். காலையில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடியோ தொப்பியோ போட்டு வெயிலைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூளை விடிந்துவிட்டது என்று எழுந்துகொள்ளும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஃபேன், போன் சைலன்ட். வீட்டில் இருப்பவர்கள் மதியம் வரை மிக்ஸி போடாமல் இருப்பது பெரிய உபகாரம்.

[காட்சி: தேசிய நெடுஞ்சாலை, விடியற்காலை, பைக்குகள்.]

கடைசியாக, பைக்கில் திரும்புபவர்களுக்கு. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் உடம்புச் சூடு அடிமட்டத்துக்குப் போகிறது, கவனமும் கூடவே இறங்குகிறது. ஆறு மணிக்கு அது முழுதாக ஏறியிருக்காது. அந்த நிலையில்தான் கிருஷ்ணகிரி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறீர்கள். பஸ் இருந்தால் பஸ்ஸில் வாருங்கள். இல்லையென்றால் கம்பெனியிலேயே இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். எழுந்து முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்து, தூக்க மந்தம் தெளிந்த பிறகு சாவியைப் போடுங்கள்.