பெரிய கடை கிளம்பிப் போனா அந்த ஊர்ல என்னங்க மிஞ்சும்?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நேரா விஷயத்துக்கு வந்துடறேன். அமெரிக்காவுல சாம் வால்டன் தன்னோட முதல் வால்மார்ட்ட 1962ல அர்கான்சாஸ்ல ராஜர்ஸ்னு ஒரு சின்ன ஊர்லதான் திறந்தாரு, பெரிய கம்பெனிங்க எட்டிக்கூட பாக்காத ஊர்கள்தான் அவரோட குறி. விலை குறைஞ்சது நிஜம், அத நான் மறுக்கவே மாட்டேன். மாசக் கடைசியில கைல காசில்லாத ஒரு அம்மாவுக்கு சோப்புல, டயாப்பர்ல மிச்சமாகுற காசு சும்மா இல்லீங்க.

வேலை விஷயம்தான் சிக்கல். எமெக் பாஸ்கர்னு ஒரு பொருளாதார ஆய்வாளர், 2005ல வந்த ஆய்வுல, வால்மார்ட் வந்த வருஷம் அந்த கவுண்டில (நம்மூரு மாவட்டம் மாதிரி) சுமார் 100 ரீடெய்ல் வேலை, அதாவது கடை வேலை, கூடுது, அஞ்சு வருஷத்துல அதுல பாதி போயிடுதுன்னாங்க. 2008ல டேவிட் நியூமார்க் குழு வேற மாதிரி கணக்கு போட்டு, வால்மார்ட்ல ஒருத்தருக்கு வேலை கிடைச்சா சராசரியா 1.4 ரீடெய்ல் வேலை போகுதுன்னு சொன்னாங்க. எண்ணிக்கைல சண்டை இருக்கு, ஆனா எந்த மாதிரி வேலை போகுதுன்னு பாருங்க. உள்ளூர்க் கடைக்காரர் கணக்கெழுத உள்ளூர் ஆள வச்சிருப்பாரு, உள்ளூர் பேப்பர்ல விளம்பரம் குடுப்பாரு, போர்டு எழுதறதும் அந்த ஊர் ஆளுதான், பெரிய கடைக்கு இதெல்லாம் தலைமை ஆபீஸ்லயே முடிஞ்சிடும், அதனால கடைய மட்டும் எண்ணினா போதாது.

அடுத்து டாலர் கடைங்க, அதாவது மலிவு சாமான் விக்கிற சின்னக் கடைங்க. அதுல ஒரு கம்பெனியான டாலர் ஜெனரலோட கடைங்கள்ல பெரும்பாலானது 20,000 பேருக்குக் கீழ இருக்கிற ஊர்கள்லதான் இருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேர்தான் டூட்டில இருப்பாங்க, பில் போடறவங்களேதான் லாரில வந்த பெட்டியும் இறக்கணும். பாக்கெட் சின்னது, கைல இருக்கிற காசுக்கு வாங்கிடலாம், ஆனா எடை போட்டு பாத்தா பல சமயம் பெரிய பாக்கெட்ட விட விலை ஜாஸ்தி. காய்கறி விக்கிற உள்ளூர் மளிகைக் கடை எதுல தாக்குப்பிடிக்குதுன்னு நெனைக்கிறீங்க? காய், பழம், கறி எல்லாம் அழுகும், வேஸ்ட் ஆகும், அந்த நஷ்டத்த ஈடுகட்டறது டிஷ்யூ பேப்பர், சோப்பு, டப்பா சாமான்ல வர்ற லாபம்தான். அந்த சாமான் வியாபாரத்தையே டாலர் கடை தூக்கிட்டுப் போயிடுது, அப்புறம் காய்கறிக் கடை எப்படிங்க நிக்கும்?

எனக்கு மனசு ரொம்ப கஷ்டமானது மெக்டவல் கவுண்டி கதைதான். மேற்கு வர்ஜீனியால நிலக்கரிச் சுரங்கப் பகுதி, 1950ல ஒரு லட்சம் பேருக்கு கொஞ்சம் கம்மியா இருந்தாங்க, 2020ல 20,000 பேர்கூட இல்ல. அங்க கிம்பல்ங்கிற ஊர்ல 2005ல வால்மார்ட் சூப்பர்சென்டர் வந்துச்சு. மளிகை, மருந்து, துணி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ, சொந்தக்காரங்கள எதேச்சையா பாத்து நின்னு பேசறதும் அங்கதான். 2016 ஜனவரில உலகம் முழுக்க 269 கடைய மூடறோம்னு கம்பெனி அறிவிச்சப்போ இதுவும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு, சுமார் 140 பேருக்கு வேலை போச்சு. மிச்சமான சாப்பாட்டுச் சாமான அங்கேர்ந்து வாங்கி ஏழைங்களுக்குக் குடுத்துட்டிருந்த உணவு வங்கிக்கும் வரத்து நின்னுடுச்சு, அதே நேரத்துல வரிசைல நிக்கிறவங்க கூடிப்போறாங்க.

அதே லிஸ்ட்ல வட கரோலினா ஓரியண்டலும் இருந்துச்சு, சுமார் 900 பேர் ஊரு. 2014ல சின்ன சைஸ் வால்மார்ட் வந்துச்சு, 2015ல பல வருஷமா இருந்த உள்ளூர் மளிகைக் கடை மூடிடுச்சு, 2016ல வால்மார்ட்டும் கிளம்பிடுச்சு. வந்ததும் போனதும் அந்த ஊர்ல எடுத்த முடிவு இல்ல, அதான் எனக்குத் தாங்கல.

தடுக்கவே முடியாதான்னு கேப்பீங்க. ஓக்லஹோமா மாநிலத்துல இருக்கிற டல்சா சின்ன ஊர் இல்லதான், ஆனா அதோட வட பகுதி ஏழைங்க பகுதி. கவுன்சிலர் வனெசா ஹால்-ஹார்ப்பர் முன்ன நின்னு, புது டாலர் கடைங்களுக்கு முதல்ல 2017ல தற்காலிகத் தடை, அப்புறம் 2018ல ரெண்டு கடைக்கு நடுவுல ஒரு மைல் இடைவெளி வேணும்னு விதி கொண்டுவந்தாங்க. 2021ல அங்க காய்கறியோட முழுசா ஒரு மளிகைக் கடை திறந்துச்சு.