பாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள்

(கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸில் இசை ஊழியக் குடும்பங்கள் கூடிய ஒரு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் விடியுமுன்னே புறப்பட்டு வந்திருக்கிறீர்கள். எல்லாரும் பசியாறிவிட்டீர்கள் என்று நம்புகிறேன். பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை: குழந்தை அழுதால் எழுந்து வெளியே போக வேண்டாம். இன்றைய பேச்சே அந்தக் குழந்தையைப் பற்றியதுதான்.

வேதாகமத்தில் முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். பெயர்ப் பட்டியல்தானே என்று பலர் தாண்டிப் போய்விடும் அதிகாரம் இது. பாடுகிற நாம் தாண்டிப் போகக் கூடாது. ஆசாபின் குமாரர் 4 பேர், எதுத்தூனின் குமாரர் 6 பேர், ஏமானின் குமாரர் 14 பேர், ஆக 24 பேரைத் தாவீது ராஜா பாட்டு ஊழியத்துக்குப் பிரித்து வைக்கிறார். ஏமானுக்கு 3 குமாரத்திகளும் இருந்தார்கள் என்று வேதம் மறக்காமல் எண்ணிச் சொல்கிறது. ஒரே வீட்டில் 17 பிள்ளைகள்! அந்த 24 பேருக்கும் ஆளுக்கு 12 பேர் கொண்ட ஒரு வகுப்பு. மொத்தம் 288 பாடகர்.

பிறகு சீட்டுப் போடுகிறார்கள். சிறியவர், பெரியவர், ஆசான், மாணாக்கன் என்ற வித்தியாசம் இல்லாமல் ஒரே சீட்டு. யாருடைய முறை எப்போது என்பது அந்தச் சீட்டில் முடிவாகிவிடுகிறது. நன்றாகப் பாடுகிறவன் என்பதற்காக ஒருவனையே திரும்பத் திரும்பக் கூப்பிடவில்லை. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த பிறகோ, பாடகர்கள் எருசலேமைச் சுற்றிலும் தங்களுக்குக் கிராமங்கள் கட்டிக்கொண்டார்கள் என்று நெகேமியா 12இல் வாசிக்கிறோம். ஆலயத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு வீடு இருந்தது, வாசல் இருந்தது, திரும்பிப் போக ஒரு தெரு இருந்தது.

நம்மிடம் முறை இல்லை. நல்ல குரல் ஒன்று அகப்பட்டால் அலோர்ஸ்டார் தொடங்கி ஜொகூர் பாரு வரைக்கும் எல்லாச் சபையும் அந்த ஒருவரையே அழைக்கிறது. அவரும் மறுப்பதில்லை. ஒரு கூட்டத்துக்கு வர முடியாது என்று சொன்னால் ஆண்டவருடைய அழைப்பையே தள்ளிவிட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. இந்தப் பயத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். அழைப்பு வந்தது உங்களுக்கு. உங்கள் வீட்டில் நான்காம் ஆண்டு படிக்கிற பிள்ளையை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அது கொடுத்துக்கொண்டிருக்கிறது. என்னென்ன கொடுக்கிறது என்று நாமும் கணக்குப் பார்க்க வேண்டும், நம்மை அழைக்கிற சபையும் பார்க்க வேண்டும். இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

இங்கே மெதடிஸ்ட் சபையார் பலர் இருக்கிறீர்கள். சார்லஸ் வெஸ்லியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 6,000க்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதியவர். குதிரையேறி ஊர் ஊராகப் பிரசங்கித்தவர். 1749இல் சாரா அம்மையாரை மணந்து, பிரிஸ்டல் நகரில் குடும்பம் நடத்தினார். பிறந்த 8 பிள்ளைகளில் 5 பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார்கள். 1756க்குப் பிறகு சார்லஸ் நீண்ட சுற்றுப்பயணங்களை விட்டுவிட்டார். பிரிஸ்டலிலும், பின்னர் லண்டனிலும் இருந்தபடியே ஊழியம் செய்தார். அண்ணன் ஜான் வெஸ்லி கடைசிவரை பயணத்தை நிறுத்தவில்லை. 1751இல் அவர் செய்துகொண்ட திருமணம் நிம்மதியாக அமையவில்லை; 1771இல் மனைவி பிரிந்து போனார். ஜானைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை, அந்த மனிதர் பட்ட பாட்டில்தான் நம்மில் பலருடைய சபையே நிற்கிறது. நான் கவனிப்பது வேறு. பயணத்தை விட்ட பிறகும் சார்லஸின் பாட்டு வற்றவில்லை. சாகும் வரை எழுதினார். பிழைத்த பிள்ளைகளில் சார்லஸ், சாமுவேல் என்ற இரண்டு மகன்களும் பெயர்பெற்ற இசைக்கலைஞர்கள் ஆனார்கள்.

சாமுவேல் என்றதும் தீர்க்கதரிசி சாமுவேல் நினைவுக்கு வருகிறார். வருஷந்தோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று சுற்றிவிட்டு ராமாவுக்குத் திரும்புவார். அங்கேதான் அவருடைய வீடு. அவருடைய மகன்கள் யோவேலும் அபியாவும் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். இதை எடுத்துக்கொண்டு ஊழியக்காரரை மேடையிலேயே சாடுகிறவர்கள் உண்டு: ‘ஊரைச் சுற்றினார், பிள்ளையைக் கோட்டைவிட்டார்’ என்று. அந்த மகன்கள் ஏன் அப்படிப் போனார்கள் என்று வேதம் சொல்லவில்லை. வேதம் சொல்லாத காரணத்தை ஒரு தகப்பன் தலையில் கட்டாதீர்கள். பயணம் போகிற ஒவ்வொரு தாயும் தகப்பனும் இரவில் அந்தப் பாரத்தோடுதான் படுக்கிறார்கள். மேலும் ஏற்ற வேண்டாம்.

இனி நம் காருக்குள் வருவோம். என் கணவர் கீபோர்டு வாசிக்கிறார், நான் பாடுகிறேன், பிள்ளைகள் பின்னிருக்கையில். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். தாப்பா ஓய்வுத்தலத்தில் ஒரு நாசி லெமாக், ஒரு மைலோ. பிள்ளைகளுக்கு முதல் சில பயணங்கள் உல்லாசம்தான். பிறகு அது வேலை.

ஒரு சபையில் பாடகர்கள் உடை மாற்றும் அறையில் எங்கள் மூத்தவள் கீபோர்டுப் பெட்டியைக் கிடத்தி, அதன்மேல் கணிதப் பயிற்சிப் புத்தகத்தை விரித்துப் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை எடுக்க ஒரு தம்பி வந்தார். அவள் ஒன்றும் பேசவில்லை. பென்சிலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்துப் புத்தகத்தை மூடி, எழுந்து சுவரோரமாக நின்றாள். “அக்கா, உங்க மக தங்கமான பிள்ளை. தொந்தரவே இல்ல” என்றார் தம்பி. அன்பாகத்தான் சொன்னார். கேட்ட எனக்கு நெஞ்சு கனத்தது. பத்து வயதில் ஒரு பிள்ளை கொஞ்சம் தொந்தரவு செய்ய வேண்டும். ‘இது என் மேசை, இன்னும் இரண்டு கணக்கு இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இடம்விட்டு எழுந்து நிற்பதில் தேறிப்போகிறார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். ஏனென்றால், “எனக்குக் காய்ச்சல் வந்தது, நான் அழுதது, இதையெல்லாம் சாட்சியா சொல்லாதீங்கம்மா” என்று அவள் ஒருமுறை சொன்னாள். அன்றிலிருந்து அவள் சம்மதம் இல்லாமல் எதுவும் மேடைக்குப் போவதில்லை. பிள்ளையின் வியாதி, பிள்ளையின் தோல்வி, பள்ளிக்கூடத்தில் நடந்த அவமானம் இவையெல்லாம் பாட்டுக்கு முன்னால் சொல்ல நமக்குச் சுலபமாகக் கிடைக்கின்றன. சபை கண்ணீர் விடும். மறுவாரம் அதே பிள்ளையை முன்பின் தெரியாத அத்தைமார் பிடித்து நிறுத்தி, “இப்போ சரியாயிடுச்சாம்மா?” என்று கேட்பார்கள். கைப்பேசியில் எடுத்த காணொலி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நாடு முழுக்கச் சுற்றும். அது அந்தப் பிள்ளையின் வாழ்க்கை. நம்முடைய முன்னுரை அல்ல.

“உங்க பிள்ளையும் ஒரு பாட்டுப் பாடட்டுமே” என்று கேட்கிற சபைகளுக்கும் இதே பதில்தான். பிள்ளை விரும்பினால் பாடட்டும். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாட்டு ஊழியம் செய்கிறார்கள், அதைப் பார்த்து மகிழாதவர் யார்? ஆனாலும் பாட்டுக்காரர் பிள்ளை கணக்காளராகலாம், கால்பந்து ஆடலாம், பாட்டே பிடிக்காமலும் போகலாம். அப்போதும் அது நம் பிள்ளை.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவசரமாகவே சொல்ல வேண்டும். பாட்டுக் கேட்கும் கருவிகளுக்காக உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவில், பிள்ளைகளின் காதுக்கு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். நம் எழுப்புதல் கூட்டங்களில் முன்பக்கம் 90ஐச் சுலபமாகத் தொடும். கணக்குப் போட்டால் அந்தச் சத்தத்தில் ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். நாமோ ஆராதனை, செய்தி, மறுபடி ஆராதனை என்று மூன்று இரவு நடத்துகிறோம். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் பிள்ளையைத் தூங்க வைக்கிறோம். பிள்ளை தூங்கினாலும் காது தூங்காது. பிள்ளைகளுக்கான காதுக்கவசம் கடையில் கிடைக்கிறது. வாங்குங்கள், அல்லது பிள்ளையை அப்பால் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள். இரவுக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது குழந்தை இருக்கையில் பட்டை போட்டு உட்கார வையுங்கள். 2020 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் அது சட்டம். தூங்குகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் வருகிறவர்களை நான் இன்னும் பார்க்கிறேன்.

பிள்ளைகளை வீட்டில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு வேறு வகைத் துன்பம். மூன்று நாள் கன்வென்ஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டிவிடும். பேசாதீர்கள், ஓய்வு கொடுங்கள் என்பார்கள். கிசுகிசுத்துப் பேசினாலும் குரல்நாணுக்குக் கெடுதல் என்பார்கள். மூன்று நாளாக அம்மாவுக்குச் சொல்லச் சேர்த்து வைத்த கதையோடு பிள்ளை ஓடி வருகிறது. அம்மா விரலை உதட்டில் வைத்துத் தலையாட்டுகிறாள். முன்னூறு பேருக்குப் போய்ச் சேர்ந்த குரலில் வீட்டுக்கு ஒன்றும் மீதமில்லை. பாடுகிற பெண்கள் என்னிடம் அழுதுகொண்டு சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கூட்டத்தின் கடைசி இரவில் ஒரு பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் பாடட்டும். சபை கோபிக்காது; கோபித்தாலும் பரவாயில்லை.

சபைப் பொறுப்பாளர்களுக்கு இரண்டு வார்த்தை. 2023 ஜனவரியிலிருந்து தனியார் துறையில் தந்தைக்கு 7 நாள் விடுப்பு உண்டு. கீபோர்டு வாசிக்கிற தம்பிக்கு அதை யார் கொடுப்பது? மனைவி பிள்ளை பெற்ற வாரத்தில் அவரை அழைக்காதீர்கள். ஒரு குடும்பத்தை அழைக்கும்போது பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது என்று கேளுங்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, நல்ல வெளிச்சம், ஏழு மணிக்குச் சோறு. கூட்டம் முடிந்து பத்தரை மணிக்குப் பிரியாணி போடுவது பெரியவர்களுக்குச் சரி. எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிற பிள்ளை உள்ள வீட்டை அந்த வருஷம் தொலைதூரத்துக்கு அழைக்காமல் விடுங்கள், அவர்களாகவே கேட்டால் ஒழிய. காணிக்கை உறையில் டோலும் பெட்ரோலும் போக என்ன மிஞ்சுகிறது என்று பின்னிருக்கையில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

வீட்டில் தங்கிவிடும் கணவருக்கோ மனைவிக்கோ மேடையில் யாரும் நன்றி சொல்வதில்லை. அவர் பெயரையும் சொல்லுங்கள்.

கடைசியாக டிசம்பர். 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது, எனவே நீண்ட விடுமுறை டிசம்பரில் வருகிறது. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் அதே மாதம்தான் நமக்கு வீடு வீடாகக் கேரல், ஊர் ஊராகக் கிறிஸ்துமஸ் கூட்டம், இரவு பன்னிரண்டுக்குத் திரும்புதல். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் பாட்டால் கிறிஸ்துமஸ் களைகட்டும், நம் பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பார்கள். தாவீது 288 பேரை வைத்துக்கொண்டு 24 முறைகளாகப் பிரித்தார். நம்மிடம் அத்தனை பேர் இல்லை, ஆனால் கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் சுங்கை பூலோவிலும் இருக்கிற குழுக்கள் சேர்ந்தால் நான்கு முறைகளாகப் பிரிக்கலாம். எல்லாருக்கும் டிசம்பரில் இரண்டு வாரம் வீடு கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடகர் குழுத் தலைவர்கள் யாரும் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்து அறையில் நாட்காட்டி விரித்து வைத்திருக்கிறோம். சீட்டும் எழுதி வைத்திருக்கிறோம். பெரிய குழு, சின்னக் குழு என்றில்லாமல் எல்லாரும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுக்க வேண்டும்.